சும்மா பிடிப்பானுகளா?

ஓடுகிறேன். இடது கையில் மகள். வலது கையில் மகன். பின்னால் சத்தம். ஹெலிகொப்டர் தாழப் பறக்கிற சத்தம். நான் போருக்குள் வளர்ந்தவள். சத்தம் கேட்டால் முதலில் வானத்தைப் பார்ப்பேன். பார்க்கிறேன். வானத்தில் ஒன்றுமில்லை. வெயில் மட்டும்.

"கடல் வருது! புள்ளையளத் தூக்கு! ஓடு! ஓடு!"

யாரோ கத்துகிறார்கள். கடல் எப்படி வரும்? திரும்பிப் பார்க்கிறேன். வீட்டு முன் ஒழுங்கையின் முனையில் கறுப்பாக ஒரு மதில். அது அங்கே இருந்ததில்லை. மதிலின் உச்சியில் ஒரு தோணி நிற்கிறது.

2004 டிசம்பர் 26. ஞாயிறு. போயா, பௌர்ணமி விடுமுறை. காலை ஒன்பது ஆகவில்லை. என் கணவர் அன்வர் வரிப்பத்தான்சேனையில், வயலுக்கு மருந்தடிக்கப் போயிருந்தார். வீட்டில் நானும் உம்மாவும் பிள்ளைகளும். உம்மா படலை வரைக்கும் என்னோடு வந்தார். அப்போதுதான் தலையில் சீலை இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

"தலைக்குப் போட ஒண்டு எடுத்துட்டு வாறன் மகள். நீ புள்ளையளோட போ."

உள்ளே போனார். வெளியே வரவில்லை.

தண்ணீர் முழங்காலில் அடித்தது. பிறகு நெஞ்சில். பிறகு எனக்குத் தரை தெரியவில்லை. தகரம் கிழிகிற சத்தம். கண்ணாடி உடைகிற சத்தம். வாய் நிறைய மண். ஒருமுறை மேலே வந்தேன். இடது கையில் ஷிபானா இருந்தாள். வலது கை வெறுமை.

அவன் பெயர் ஹஸீப். மூன்று வயது.

தண்ணீர் எங்களைப் பக்கத்து ஊருக்குள் கொண்டுபோய் ஒரு முள்ளுக்கம்பி வேலியில் மாட்டியது. என் உடம்பில் துணி இல்லை. கடல் உருவிக்கொண்டது. மகளைக் கரையில் நின்ற ஒருவரிடம் நீட்டினேன். வாங்கினார். என்னை வெளியே வரச் சொன்னார்கள். நான் கழுத்தளவு தண்ணீரில் அமர்ந்துகொண்டேன்.

"ரெண்டாவது வருது! வெளிய வாங்க! வெளிய வாங்க!"

வரமாட்டேன் என்றேன். சாகிறேன் என்றேன். அப்போது ஒரு பெண் பூப்போட்ட கதவுச் சீலையை என் தலைக்கு மேலே எறிந்தாள். சுற்றிக்கொண்டு ஏறினேன். அவள் முகம் பார்க்கவில்லை. தமிழா, முஸ்லிமா? தெரியாது. அவளும் என்னைக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு எறிய அவளுக்கு நேரமில்லை.

என் பெயர் பௌசியா. தையல்காரி. கல்முனைக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு முஸ்லிம் ஊர். ஊரின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் மற்ற ஊர்களெல்லாம் தப்பித்துக்கொள்ளும். எங்கள் வீட்டுக்கு முன்னால் ஓர் ஒழுங்கை, ஒடுங்கிய தெரு. இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் தமிழர்களின் ஊர். இடையில் சைக்கிள் போகிற அளவுக்குத்தான் இடம்.

ஒழுங்கைக்கு அந்தப் பக்கம், நேர் எதிர் வீடு சிவமலருடையது. நான் மலரக்கா என்று கூப்பிட்டவர். 1990க்குப் பிறகு கூப்பிடவில்லை.

1990இல் எனக்குப் பதினாறு வயது. வாப்பா வயலுக்குப் போனார். மேற்கே, சைக்கிளில், இன்னும் சிலரோடு. வழியில் ஆயுதம் தாங்கிய தமிழ் இயக்கம் மறித்தது. இறக்கியது. சுட்டது. மையத்துகளை உழவு மெசின் பெட்டியில் கொண்டுவந்தார்கள். நான் ஒழுங்கையில் நின்று கத்தினேன். அந்தப் பக்கத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை. அது பயம். பயத்தை நான் மன்னிப்பேன். ஆனால் சில நாட்களுக்குப் பிறகு வேலிக்கு அங்கால் மலரக்கா இன்னொருத்தியிடம் கதைத்தது கேட்டது.

"இயக்கம் சும்மா சுடுமா? என்னவும் இருக்கும்."

வாப்பாவிடம் என்ன இருந்தது? ஒரு மண்வெட்டி. தேநீர்க் கேத்தல். பின்னேரம் மாட்டுக்குப் போட வைக்கோல் கட்டுகிற கயிறு. அவ்வளவுதான்.

பதினான்கு வருடம் நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தது கடல் வந்த பிறகு. சம்மாந்துறையில் ஒரு பள்ளிக்கூடம். மண்டபம் நிறையச் சனம். முஸ்லிம்கள், தமிழர்கள், எல்லோரும். பாய் இல்லை. விளக்கு இல்லை. பின்பக்கம் ஒரே பெரிய கிடாரம். அதில் ஒரே சோறு. நான் போய் அரிசி புடைக்க உட்கார்ந்தேன். பக்கத்தில் அவர். கணவரைக் கடல் கொண்டுபோயிருந்தது. நெற்றியில் பொட்டு இல்லை.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் மன்னிக்கவில்லை. கல் பொறுக்கினோம். அவர் ஷிபானாவுக்குச் சோறு ஊட்டினார். அவருடைய மகன் ரவி எங்கள் ஆட்களோடு சேர்ந்து மையத்துத் தூக்கினான். யாருடைய மையத்து என்று பார்த்து யாரும் தூக்கவில்லை. பார்க்கவும் முடியாது. கடல் எல்லா முகத்தையும் ஒன்றாக்கியிருந்தது.

பிறகு ஆட்கள் வந்தார்கள்.

வாகனங்கள் வந்தன. வாகனங்களில் கொடிகள். ஒலிபெருக்கிகள். முஸ்லிம்களுக்கு இந்த வரிசை. தமிழர்களுக்கு அந்த வரிசை. எங்கட சனம். அவங்கட சனம். எங்களுடைய தலைவர்கள் எங்களைப் பார்த்து அழுதார்கள். அவர்களுடைய தலைவர்கள் அவர்களைப் பார்த்து அழுதார்கள். கிடாரம் இரண்டானது. ஒரு கிழமைக்கு முன்னால் அடுத்தவள் பிள்ளையின் மையத்தைத் தன் முந்தானையால் துடைத்த பெண், "அவங்களுக்குக் கூடக் குடுக்கிறாங்களாம்" என்றாள். என் காதால் கேட்டேன். அவளும் இதைப் பிறக்கும்போது கொண்டுவரவில்லை. வரிசையில் நின்றபோது முன்னால் நின்றவள் சொன்னாள். இவள் பின்னால் நின்றவளுக்குச் சொன்னாள். நான்கு பேர் தலையாட்டினார்கள். தலையாட்டாதவளை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். மறுநாள் அவளும் ஆட்டினாள். இவ்வளவுதான். இதற்குத் துவக்குத் தேவையில்லை.

2007. போர் மறுபடி நடக்கிறது. நான் பிரதான வீதியில் தையல்கடை வைத்திருக்கிறேன். வெள்ளாமை வெட்டுக் காலம். ரோட்டின் ஓரமெல்லாம் நெல் காய்கிறது. பகல். லுஹர் பாங்கு சொல்லி முடிந்த நேரம். அக்கரைப்பற்று போகிற தனியார் பஸ் என் கடைக்கு முன்னால் நிற்கிறது. ரவி அதில் கொண்டக்டர்.

ரவி நல்லவன் என்று நான் எழுத மாட்டேன். பாங்கு சொல்கிற நேரத்திலும் பஸ்ஸில் பாட்டுப் போடுவான். அன்வரை ஒருமுறை இறங்குமிடம் தாண்டி இறக்கிவிட்டான். கேட்டதற்குக் கேட்கக்கூடாத வார்த்தை சொன்னான். அன்வர் அதை மறக்கவில்லை. நானும்தான்.

வெள்ளை வேன். இலக்கத்தகடு இல்லை. பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கே நின்றது. கதவு இழுபடும் சத்தம். சர்ர். நான்கு பேர். சீருடை இல்லை. துவக்கு இருந்தது. கதைத்தது தமிழ், அந்தப் பக்கத்துத் தமிழ். ரவியைச் சட்டையில் பிடித்து இழுத்தார்கள். டிக்கட் புத்தகம் நெல்லில் விழுந்தது. அவன் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கையில் துவக்குப் பிடியால் அடித்தார்கள். எலும்பின் சத்தம். காய்ந்த மட்டை முறிகிற சத்தம்.

"அக்கா! அம்மாட்டச் சொல்லுங்க! அக்கா!"

எந்த அக்காவை? அங்கே நிறைய அக்காமார். பஸ்ஸுக்குள் இருந்தார்கள். மருந்துக்கடை வாசலில் நின்றார்கள். நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். எல்லோருடைய காதிலும் விழுந்தது. கதவு மூடியது. சர்ர். வேன் தெற்கே போனது. பஸ்ஸும் போனது, கொண்டக்டர் இல்லாமல். எதிர்க்கடையில் சவரம் செய்துகொண்டிருந்தவர் வாசலுக்கு வந்து நின்றிருந்தார். அரை முகத்தில் நுரையோடு வாடிக்கையாளரும் நின்றார். இருவரும் உள்ளே திரும்பினார்கள். மிச்ச முகத்தையும் வழித்து முடித்தார்கள்.

கத்தியால் வழித்துக்கொண்டே சவரக்காரர் சொன்னது எனக்குக் கேட்டது.

"சும்மா புடிப்பானுகளா? என்னவும் இருக்கும்."

என் கால் மெசினிலிருந்து எடுபட்டது. இந்த வசனம் எனக்குத் தெரியும். ஒரு சொல் மட்டும்தான் மாற்றம். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. இப்போது இந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறது. வாப்பாவைக் கொன்ற வசனம் எங்கள் ஊரில் எங்கள் ஆட்களின் வாயில் உட்கார்ந்திருக்கிறது. சவரக்காரரின் சொந்தத் தம்பியும் 1990இல் வாப்பாவோடு செத்தவர். அவருக்கே இது தெரியவில்லை.

மலரக்கா சில நாட்கள் கழித்து வந்தார். கடைக்குள் வரவில்லை. ரோட்டில், வெயிலில் நின்றார். கையில் ரவியின் படம்.

"புள்ள, நீ பாத்தயாம்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. யாரும் கேட்கட்டும் என்றே கதைத்தேன்.

"என்ட வாப்பாவச் சுட்ட நேரம் நீங்க என்ன சொன்னீங்க எண்டு ஞாபகம் இருக்கா?"

"ஓம்."

"சொல்லுங்க பாப்பம்."

சொன்னார். ஒரு சொல் தப்பாமல் சொன்னார். பிறகு சொன்னார்: "அதாலதான் ஒனக்கிட்ட வரப் பயந்தன். வேற ஆரும் பாத்தனெண்டு சொல்றாங்க இல்ல புள்ள."

நான் அவரைக் கட்டிப்பிடிக்கவில்லை. அழவில்லை. என் மனது இளகவில்லை. அதை இங்கே தெளிவாக எழுதுகிறேன், ஏனென்றால் பிறகு பலர் இதை ஒரு நட்புக் கதையாக்கப் பார்த்தார்கள். நட்பு இல்லை. கடையை மூடினேன். அவரோடு பொலிசுக்குப் போனேன்.

அங்கே இருந்தவர் என்னுடைய முக்காட்டையும் அவருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவன் உங்களுக்கு யார்?"

"ஒருத்தரும் இல்ல."

"அப்ப ஏன் வந்த?"

"பாத்தன். அதான் வந்தன்."

சிரித்தார். எழுதிக்கொண்டார். அதோடு சரி.

அன்று பின்னேரமே காக்கா ஆள் அனுப்பினார். காக்கா என் மூத்த சகோதரர். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர். அவருடைய வீட்டு ஹோலில் இன்னும் இரண்டு பெரியவர்கள். அன்வரும் இருந்தார், தலையைக் குனிந்துகொண்டு.

"உனக்கு என்ன பேய் புடிச்சிட்டா?" என்றார் காக்கா. "வாப்பாவச் சுட்டவனுகள் ஆரு?"

"ரவி இல்ல. அப்ப அவன் சின்னப் புள்ள."

"அவனுகட சனம்தானே!"

பெரியவர்களில் ஒருவர் அமைதியானவர். அன்பாகக் கேட்டார். "மகள், அந்தப் பொடியன் ஒன்னக் கடல்ல இருந்து தூக்கினவனா?"

"இல்ல."

"ஒன்ட புள்ளைய?"

"இல்ல."

"அப்ப ஏன் மகள்?"

அந்த அன்பான கேள்விதான் என்னை அதிகம் எரித்தது. அவன் என்னைக் காப்பாற்றியிருந்தால் விட்டிருப்பார்கள். நன்றிக்கடன் என்றால் ஊருக்குப் புரியும். நல்லவன் என்றால் கொஞ்சம் புரியும். நம்மவன் என்றால் எல்லாம் புரியும். எதுவுமில்லாத ஒருத்தனை, பாங்கு நேரத்தில் பாட்டுப் போட்டவனை, பட்டப்பகலில் கையை முறித்துக் கொண்டுபோகக்கூடாது என்று சொன்னால் யாருக்கும் புரியவில்லை. உயிரோடு இருக்கிற உரிமையை ஒவ்வொருவனும் முதலில் எங்களுக்கு ஒரு நன்மை செய்து சம்பாதிக்க வேண்டுமாம்.

அந்த ஊர் மட்டும் சுத்தமா? மலரக்காவை அங்கே சும்மா விடவில்லை. "சோனகத்தியையா சாட்சிக்குக் கூட்டிட்டுப் போற? காட்டிக்குடுக்கிறதே அவளுகள்தான்" என்றார்கள். அவருடைய சொந்தத் தங்கை வீட்டுப் படலையைச் சாத்தினாள். ரவியைக் கொண்டுபோனவர்கள் அந்தப் பக்கத்துத் தமிழில் கதைத்தார்கள் என்று நான் சொன்னது அவர்களுக்கு அதைவிடப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்துத்தானா சொன்னேன்?

என் கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். யாரும் சண்டை பிடிக்கவில்லை. "பிறகு வாறன் ராத்தா" என்பார்கள். வரமாட்டார்கள். பெருநாள் நெருங்கியது. கொஞ்சம் உடுப்புகள் தைத்துத் தொங்கவிட்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ரோடு நிறையச் சனம் போகிற நேரம். நான் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் உடுப்புகளிலெல்லாம் கழிவு எண்ணெய். சிறுபிள்ளைகளின் சட்டைகளிலிருந்து கறுப்பாகச் சொட்டுகிறது.

யார் செய்தது என்று கேட்டேன். ரோடு நிறையச் சனம். யாரும் பார்க்கவில்லையாம்.

அன்வர் மண்ணெண்ணெய் வாங்கி வந்தார். இருவரும் முற்றத்தில் உட்கார்ந்து கழுவினோம். கறை போகவில்லை. அவர் கை சிவந்து புண்ணாகும் வரைக்கும் கசக்கினார். "இனிப் போகாத" என்றார். கழுவுவதை நிறுத்தவில்லை. நானும் போவதை நிறுத்தவில்லை. ஆமி முகாம்களுக்குப் போனோம். அரசாங்கக் கந்தோர்களுக்குப் போனோம். எல்லா இடத்திலும் அதே கேள்வி. அவன் உங்களுக்கு யார்?

அந்த வருடம் ஷிபானாவின் பள்ளிக்கூடத்தில் மனித உரிமை தினத்துக்குப் பேச்சுப்போட்டி. அவளே எழுதினாள். எல்லா மனிதரும் சமம் என்று தொடங்கினாள். நடுவில் ஒரு வசனம்: எங்கள் தெருவில் ரவி என்பவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆசிரியை அதை வெட்டினார். "இது வேணாம் மகள். உதாரணத்துக்குப் பலஸ்தீனத்தப் போடு."

பலஸ்தீனம் உண்மைதான். அந்தப் பிள்ளைகளுக்காக நானும் தொழுகையில் கையேந்தி அழுகிறவள். ஆனால் அந்த வேன் பலஸ்தீனத்தில் நிற்கவில்லை. என் கடைக்கு முன்னால் நின்றது.

ஷிபானா வீட்டுக்கு வந்து கேட்டாள். "உம்மா, தூரத்துல நடந்தாத்தான் உரிமையா?"

அவள் பேசப் போகவில்லை. நான் போகச் சொல்லவுமில்லை.

2009 மே 19. செவ்வாய். காலையிலிருந்து வெடி. நான் மெசினைவிட்டு எழுந்து சுவரோடு ஒட்டிக்கொள்கிறேன். பழக்கம். பிறகு தெரிகிறது, சீன வெடி. போர் முடிந்துவிட்டது. சந்தியில் பால்சோறு. கடைகளில் கொடி. கட்டச் சொன்னார்கள். சிலர் சொல்லாமலே கட்டினார்கள்.

நான் சந்தோஷப்பட்டேன். அதையும் எழுதுகிறேன். வாப்பாவைச் சுட்டவர்கள் முடிந்தார்கள் என்று நினைத்தேன். இரண்டு ரக்அத் தொழுதேன்.

பகலில் மலரக்கா கல்முனையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறார். ஏதோ ஒரு கந்தோரில் விசாரித்துவிட்டு வருகிறார். கையில் ஷொப்பிங் பேக். அதற்குள் படம். சந்தியில் நின்றவர்கள் அவரை மறிக்கிறார்கள். ஒருவன் வாழையிலைத் துண்டில் பால்சோற்றை நீட்டுகிறான்.

"தின்னுங்கம்மா! சண்டை முடிஞ்சிட்டு! தின்னுங்க!"

இன்னொருவன் போனைத் தூக்கிப் பிடிக்கிறான். துவக்கோடு நின்றவர்களும் பார்க்கிறார்கள். ரோடு நிறையச் சனம் வேடிக்கை பார்க்கிறது. அவர் எல்லோரையும் பார்த்தார். வாங்கினார். ஒரு வாய் தின்றார். விழுங்கினார்.

"நல்லம்" என்றார்.

அந்தச் சனத்திற்குள் இந்த அநியாயம் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாததற்குக் கெட்டவர்களாக இருக்க வேண்டிய தேவையில்லை. பக்கத்தில் நிற்பவன் சிரித்தால் போதும். நான் ஓடிப்போய் இலையைப் பிடுங்கி எறிந்தேன். "விடுங்கடா! உங்களுக்கு உம்மா இல்லையா?" என்று கத்தினேன். சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம்தான். நாங்கள் திரும்பி நடந்தபோது பின்னால் மறுபடி வெடி.

ஒழுங்கைக்குள் வந்ததும் அவர் குந்தி வாந்தி எடுத்தார். வாய் கழுவத் தண்ணீர் கொடுத்தேன். கழுவினார். என் கையைப் பிடித்தார். அந்த வயதுக்கு அது பெரிய பிடி.

"புள்ள, சண்டை முடிஞ்சிட்டு எண்டா, இனி வெச்சிருக்கிற ஆக்கள எல்லாம் விடுவாங்கதானே?"

"ஓம் அக்கா" என்றேன். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு முதல்முறை அக்கா என்றேன்.

விடவில்லை.

இழந்தவர்களை எழுதுகிறேன். வாப்பா, வயலுக்குப் போன வழியில். உம்மா, தலைச்சீலை எடுக்கப் போனவர். மையத்துக் கிடைத்தது, கையில் சீலை இருந்தது. ஹஸீப், மூன்று வயது, மையத்துக் கிடைக்கவில்லை. மலரக்காவின் கணவர், தோணியோடு. ரவி. அவனை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாது. செத்தவன் என்று எழுத அவனுடைய தாய் கடைசி வரைக்கும் விடவில்லை. மலரக்கா, நெஞ்சு நோவென்று ஆசுபத்திரிக்குப் போனவர், திரும்பவில்லை. கடை போய்விட்டது. காக்காவின் வீட்டு வாசல் எனக்கு இல்லை.

அன்று பகல் ரோட்டில் நின்று பார்த்தவர்களையும் எழுத வேண்டும். சவரம் செய்தவர். அரை முகத்தோடு நின்றவர். மருந்துக்கடைக்காரர். நெல் கிளறிய பெண்கள். பஸ்ஸின் சாரதி. பஸ் நிறையச் சனம். அவர்களில் சாட்சி சொன்னவர் ஒருவருமில்லை. அநேகம் பேர் இன்னும் சுகமாக இருக்கிறார்கள். ரோட்டில் என்னைக் கண்டால் ஸலாம் சொல்கிறார்கள். பதில் சொல்வது கடமை. சொல்கிறேன்.